சின்னத் தேள், அடங்கிப்போன வலி: நகரிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு 8.10 மணிக்கு 8 வயதுச் சிறுமி ஒருத்தியை எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்தது ஆந்திர எல்லைக்குள், நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே உள்ள ஒரு நெசவாளர் ஊரில் இருந்து. வலது கை ஆள்காட்டி விரலில் தேள் கொட்டி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வலியெல்லாம் எறங்கிடுச்சு சிஸ்டர், வாந்திதான் நிக்கல" என்றார் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாய்மாமன். நல்ல செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே இதை எழுதுகிறேன். வலி இறங்கிவிட்டது என்று வீடே நிம்மதியாக இருந்த அந்த நேரத்தில்தான் குழந்தையின் உயிருக்கு ஆபத்து ஏறிக்கொண்டிருந்தது.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழகத்தில் உள்ள ஒரு அரசு மருத்துவமனையில் செவிலியர். சிகிச்சை பற்றிய முடிவுகள் அன்று பணியில் இருந்த மருத்துவருடையவை. நான் சொல்வது பக்கத்தில் இருந்து பார்த்தது, குறிப்பேட்டில் எழுதியது, அப்புறம் அந்த வீட்டுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டது. குடும்பத்தார் எழுதச் சம்மதித்தார்கள். யார் என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன்.

சில்லு எடுக்கப் போன இடம்

சிறுமி சென்னையில் பிறந்து வளர்ந்தவள். திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற குடும்பம், அதற்காக அம்மாவோடு ஆயா வீட்டுக்கு வந்திருந்தாள். நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று அந்தப் பக்கம் முழுக்கத் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். வீட்டோடு சேர்ந்தே பவர்லூம் ஷெட். ஊருக்குப் பின்னால் பாறையும் முள்ளும் மண்டிய கரடு, தூரத்தில் நகரி மலையின் மூக்கு தெரியும். வயல் வரப்புக்குப் பதிலாகக் கல் அடுக்கிய வேலிகள். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் சூடு விடுகிற இந்தக் கல்லிடுக்குகள் தேளுக்கு மிகவும் தோதானவை. இரையும் அங்கேயே கிடைக்கும்: கரப்பான், சில்வண்டு, கறையான்.

அன்று மாலை தெருவில் மாமன் மகளோடு பாண்டி ஆட்டம். கட்டத்தில் வீசுவதற்குச் சில்லு வேண்டும். வீட்டுக்குப் பின்னால், கூரைக்குத் தகரம் போட்டபோது இறக்கி வைத்த நாட்டு ஓடுகள் இடுப்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மழை பெய்து ஓய்ந்த மூன்றாம் நாள். உடைந்த ஓடு ஒன்றைப் பார்த்து, அதன் அடியில் விரலை விட்டுத் தூக்கினாள். மணி சுமார் 5.40.

மறுநாள் வார்டில் என்னிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "ஊசி போட்ட மாதிரி குத்துச்சு ஆன்ட்டி. அப்புறம் நெருப்பு. ஓட்டைக் கீழ போட்டுட்டேன். அது ஓடவே இல்ல. வாலைத் தூக்கிட்டு அப்படியே நின்னுச்சு." எப்படி இருந்தது என்று கேட்டால், நண்டுக் குட்டி மாதிரி என்றாள். என் பேனாவை வாங்கி நோயாளி அட்டையின் பின்புறம் வரைந்தும் காட்டினாள்: மெல்லிய இரண்டு கை, தடியான வால், வால் முனையில் ஒரு சொட்டு. ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம் என்று பக்கத்துக் கட்டிலின் பழத்தோலைக் காட்டினாள். அவள் வாழ்க்கையில் பார்த்த முதல் தேள் அது. அதற்கு முன் தேள் என்றால் அவளுக்குத் தினசரி காலண்டரின் பின்பக்கத்தில் இருக்கிற விருச்சிக ராசிப் படம்தான். கன்னங்கரேல் என்று, நண்டுக்குப் போலப் பருத்த கொடுக்குகளோடு இருக்கும் படம். இது அப்படி இல்லை. அதனால் உள்ளே ஓடிப்போய் "பூச்சி கடிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

குழந்தை வர்ணித்தது செந்தேள். அறிவியல் பெயர் ஹாட்டென்டோட்டா டாமுலஸ்; பழைய புத்தகங்களில் மீசோபூதஸ் டாமுலஸ் என்று இருக்கும். மகாராஷ்டிரக் கொங்கணக் கரையில் இருந்து கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் வரை பரவியிருக்கிற இனம். வால் சேர்த்து ஒரு விரல் நீளம் இருந்தால் பெரிது. இந்தியாவில் உயிரைக் குடிக்கிற தேள் என்று மருத்துவம் முதலில் சுட்டுவது இதைத்தான்.

வீட்டில் கழிந்த நேரம்

ஆயா முதலில் குளவி என்று நினைத்து விரலில் சுண்ணாம்பு தடவினார். குழந்தை கத்தின கத்தில் மாமா டார்ச் எடுத்துப் போய் ஓட்டைப் புரட்டினார், தேளைப் பார்த்தார், செருப்பால் அடித்தார். ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து காட்டியதும் வீட்டில் பதற்றம் குறைந்துவிட்டது. "இத்தினியூண்டு தேளா! இதுக்கா இவ்ளோ அழுவுற கண்ணு" என்றாராம் ஆயா.

ஆயா அப்படிச் சொன்னதற்கு அனுபவம் இருந்தது. கல்யாணமான புதிதில் விறகுக் கட்டு தூக்கும்போது அவரை உள்ளங்கை நீளமுள்ள கருந்தேள் ஒன்று கொட்டியிருக்கிறது. இரவெல்லாம் துடித்திருக்கிறார். தொடை இடுக்கில் நெறி கட்டி, காலை ஊன்ற முடியாமல் கிடந்து, மறுநாள் மதியம் தறிக்குப் போய்விட்டார். அவ்வளவு பெரியதே ஒன்றும் செய்யவில்லை, இது என்ன செய்யும்? யாராக இருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

தெருக்கோடியில் பார்வை பார்க்கிற பெரியவரிடம் தூக்கிப் போனார்கள். வேப்பிலையால் தோளில் இருந்து விரல் வரை நீவி இறக்கினார். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுகையை நிறுத்தினாள். விரல் வலிக்கிறதா என்றால் தலையாட்டி இல்லை என்றாள். கடுப்பு இறங்கிவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். அப்போது மணி 6.30.

வீட்டுத் திண்ணையில் முதல் வாந்தி. விஷம் வெளியே வருகிறது, நல்லதுதான் என்றார்கள். அடுத்து வியர்வை, கவுன் முதுகோடு ஒட்டி, தலைமுடியில் இருந்து சொட்டியது. புழுக்கம் என்று ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்தார்கள். எச்சில் ஒழுகியது, இன்னும் இரண்டு தடவை வாந்தி. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா வந்து பார்த்து "ஏமி லேதம்மா, நித்ரபோனீ" (ஒன்றும் இல்லையம்மா, தூங்கட்டும்) என்று ஆறுதல் சொல்லிப் போனார். குழந்தை சத்தமே இல்லாமல் படுத்திருந்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். தேள் கொட்டினால் கத்தாமல் இருக்க முடியாது, கத்தாமல் அடக்குகிறவன் ஏதோ மறைக்கிறான் என்பது அதன் அடியில் இருக்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் இந்த வீட்டிலும் இருந்தது. கத்தல் நின்றது, எனவே விஷம் நின்றது.

ஏழேகால் மணிக்கு அம்மா போர்வை போர்த்தப் போனார். மகளின் உள்ளங்கையைத் தொட்டவர் கையை உதறினாராம். "ஃபிரிட்ஜில இருந்து எடுத்த மாதிரி சில்லுனு இருந்துச்சு சிஸ்டர். ஆனா வேர்த்துக் கொட்டுது. ஜுரத்துலகூட அப்படிப் பார்த்ததில்ல." காலைத் தொட்டார், அதுவும் சில்லிட்டிருந்தது. மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. காலையில் பார்க்கலாம் என்று சொன்னவர்களை அவர் கேட்கவில்லை. ஆட்டோ வரத் தாமதமானதும் மாமாவின் பைக்கில் நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதி வழியில்தான் ஆட்டோ கிடைத்தது.

அந்தப் பக்கத்து மக்கள் நாட்டு வைத்தியத்தை நம்புவதைக் குறையாக நான் சொல்லவில்லை. எலும்பு முறிவென்றால் சென்னையில் இருந்தே வண்டி கட்டிக்கொண்டு புத்தூர் கட்டுக்குப் போகிற மண் அது. பார்வை பார்க்கிற பெரியவரிடம் தேள்கடியோடு போகிறவர்களில் ஏறக்குறைய எல்லாருமே சுகமாகித்தான் திரும்புகிறார்கள். அது பொய்யில்லை. பெரும்பாலான தேள்கடி, கருந்தேளாக இருந்தாலும் செந்தேளாக இருந்தாலும், கடுமையான வலியோடு நின்று தானாகத் தணிகிறது. தணிகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் கிடைக்கிறது. கஷ்டம் என்னவென்றால், விஷம் உடம்புக்குள் ஏறிய சிலரும் பார்க்க அதே மாதிரிதான் தெரிவார்கள், அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்கு.

பேனாக் கோடு

எங்களிடம் வந்தபோது எடை 19 கிலோ. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 150. ரத்த அழுத்தம் 140/100. அந்த வயதுக்கு இது மிக அதிகம். மூச்சு நிமிடத்துக்கு 36. நுரையீரலில் கறகறப்பு இல்லை, அது பெரிய நிம்மதி. ஆக்சிஜன் அளவு 95. விரலில் கொட்டிய இடத்தைத் தேடினால்தான் தெரிந்தது. லேசான சிவப்பு, வீக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இசிஜியில் வேகமான துடிப்பும் இதயத் தசை அழுத்தத்தில் இருப்பதைக் காட்டுகிற மாற்றங்களும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது தோலின் சூடு. என் புறங்கையை அவள் தோளில் வைத்து மெதுவாகக் கீழே இறக்கினேன். முழங்கை வரை சாதாரணச் சூடு, முழங்கைக்குக் கீழே பனிக்கட்டி. இரண்டும் சந்திக்கிற இடம் ஒரு விரற்கடை அகலம்கூட இல்லை, அவ்வளவு துல்லியம். அந்த இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 8.25 என்று எழுதினேன். காலில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு கோடு.

மருத்துவர் பாட்டிலைக்கூடப் பார்க்கவில்லை. கை கால் சில்லிப்பு, வியர்வை, வாந்தி, துடிப்பு, அழுத்தம் ஐந்தையும் பார்த்துவிட்டுப் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னார். எடைக்குக் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டால் 570 மைக்ரோகிராம் வரும். ஏறக்குறைய 1 மில்லிகிராம் சாதா மாத்திரையில் பாதி. மெதுவாகக் கரைகிற நீண்ட நேர மாத்திரை இதற்கு உதவாது. வாந்திக்கு ஊசி போட்டு, சற்றுப் பொறுத்து, பொடித்துச் சொட்டுத் தண்ணீரில் கலக்கி வாயில் விட்டோம். ஆக்சிஜன் வைத்தோம். பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்து போடக் கூடாதா என்று மாமா கேட்டார். அது பாம்பு விஷத்துக்கானது, தேளுக்கு வேலை செய்யாது. தேளுக்கென்று தனி எதிர்நச்சு மருந்து உண்டு. மும்பை ஹாஃப்கின் நிறுவனம் தயாரிப்பது. ஆனால் பாம்பு மருந்து போல எல்லா மருத்துவமனையிலும் கைக்கெட்டுகிற இடத்தில் இருப்பதில்லை.

அடுத்து என் வேலை அவளைப் படுக்கையில் இருந்து எழ விடாமல் பார்த்துக்கொள்வது. பிரசோசின் உள்ளே போன முதல் சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாலோ நின்றாலோ ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். ஒன்றுக்குப் போகவும் படுத்தபடியே பெட்பேன். அம்மா மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். கட்டில் ஓரம் உட்கார்ந்து கையை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அரை மணிக்கு ஒரு தடவை அழுத்தம், துடிப்பு, மூச்சு, நெஞ்சுச் சத்தம் எல்லாம் பார்த்தோம். நெஞ்சில் கறகறப்பு கேட்டாலோ இருமல் தொடங்கினாலோ உடனே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் தயாராக நின்றது.

கடைசி வரை அதற்கு வேலை வரவில்லை. 11.40க்கு இரண்டாவது அரை மாத்திரை கொடுக்கும்போது துடிப்பு 128, கோடு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இறங்கியிருந்தது. புதிதாகக் கோடு போட்டு நேரம் எழுதினேன். வியர்வை நின்றது. இரண்டு மணிக்குக் கோடு மணிக்கட்டில். அம்மா என் கையைப் பார்த்துத் தானும் புறங்கையை வைத்துத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்; அதன்பின் நான் போவதற்கு முன்பே "இங்க வந்துடுச்சு சிஸ்டர்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றரை மணிக்கு வார்டே எழுந்துகொள்கிற மாதிரி ஒரு அலறல். "விரல் எரியுதும்மா!" மாமா ஓடி வந்தார், விஷம் திரும்ப ஏறிவிட்டது என்று அவருக்குப் பயம். நான் முதலில் அவள் காலைத் தொட்டேன். பாதம் சூடாக இருந்தது, விரல் நுனி வரை. ஒன்பது மணி நேரமாக எங்கே போனது என்று தெரியாமல் இருந்த வலி திரும்பி வந்திருந்தது. செந்தேள் விஷம் உடம்பு முழுக்கத் தாக்கியவர்களுக்குக் கொட்டிய இடத்து வலி மங்கிப்போவதும், குணமாகும்போது அது மீண்டும் தெரிவதும் இந்த நோயை நெருக்கமாகப் பார்த்த மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிற விஷயம். மருத்துவர் வந்து விரலடியில் மரத்துப்போகிற ஊசி போட்டார், அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன். பாராசிட்டமால் சிரப்பும் கொடுத்தோம். நாலரைக்குத் தூங்கிவிட்டாள்.

உடம்புக்குள் நடந்தது

செந்தேளின் விஷம் நரம்பு இழைகளில் சோடியம் போகிற வாசலைத் திறந்தபடி நிறுத்தி வைக்கிறது. நரம்பு ஓயாமல் தூண்டப்படுகிறது. முதலில் வாந்தி, எச்சில், வியர்வை. தொடர்ந்து அட்ரினலினும் நார்அட்ரினலினும் அளவே இல்லாமல் ரத்தத்தில் கொட்டுகின்றன. கை கால்களின் ரத்தக் குழாய்கள் இறுகி மூடுகின்றன, அதனால்தான் சில்லிப்பு. இதயமோ இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அடிக்கச் சொல்லி விரட்டப்படுகிறது. மடையை அடைத்துவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்ட கதைதான். கொஞ்ச நேரத்தில் இதயம் களைத்துத் தள்ளாடும், பின்னால் தேங்கிய நீர் நுரையீரலில் கசியும். இருமல், இளஞ்சிவப்பு நுரை, மூச்சுத் திணறல். தேள் கொட்டி இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இறந்தது இப்படித்தான். குழந்தைகளுக்கு எடை குறைவு, அதே ஒரு சொட்டு விஷம் அவர்களுக்கு அதிகம்.

பிரசோசின் ரத்த அழுத்தத்துக்கு வந்த பழைய மருந்து, விலையும் மலிவு. இறுகிய குழாய்களைத் தளர்த்துகிறது. அதாவது மடையைத் திறந்துவிடுகிறது. இதைத் தேள்கடிக்குக் கொண்டுவந்தவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் என்ற மகாராஷ்டிர மருத்துவர். 1976ல் ராய்கட் மாவட்டம் மகாட் அருகே பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். செந்தேள் கொட்டி வருகிறவர்கள் நுரையீரலில் நீர் கோத்துக் கண்ணெதிரே இறப்பதைப் பார்த்து, ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்து நாடி, அழுத்தம், சில்லிப்பு, வியர்வை என்று குறித்துக்கொண்டே வந்தார். எந்த அறிகுறி முன்னால் வருகிறது என்பதை 1982ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். மனைவி பிரமோதினி பவஸ்கரும் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1986ல் அதே இதழில் பிரசோசினைப் பற்றி எழுதினார்கள். பிரசோசினுக்கு முந்தைய 1961 முதல் 1983 வரையான காலத்தில் கடுமையான பாதிப்போடு வந்தவர்களில் 25 முதல் 30 சதவீதம் பேர் இறந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு. பின்னர் அது 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2011ல் 70 நோயாளிகளை வைத்து அவர்கள் செய்த ஆய்வில், பிரசோசினோடு எதிர்நச்சு மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்கள் சராசரியாக 8 மணி நேரத்தில் தேறினார்கள், பிரசோசின் மட்டும் எடுத்தவர்களுக்கு 17 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு கிராமத்து சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டு, கையால் தொட்டும் குறித்தும் கண்டுபிடித்த விஷயம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு இந்தத் தொழிலில் இருப்பதே பெருமையாக இருக்கிறது.

எது எந்தத் தேள்

கருந்தேள் ஹெட்டரோமெட்ரஸ் வகை. பருத்த கொடுக்கு, மெல்லிய வால். இரையைக் கொடுக்காலேயே நசுக்கிவிடுகிற பலம் அதற்கு இருக்கிறது. செந்தேளுக்குக் கொடுக்கு மெல்லியது, வால் தடியானது. விஷத்தை நம்பிப் பிழைக்கிறது. மெலிந்த கையும் தடித்த வாலும் கண்டால் எச்சரிக்கை என்பது பொதுவான ஒரு அடையாளம், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. அந்த வீட்டில் தேளைத் தேடிப் பிடித்ததால் கெடுதல்தான் ஆனது: சின்னது என்று கண்ணால் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. கொட்டியது எது என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. தேட வேண்டாம், அடித்து எடுத்து வர வேண்டாம். குழந்தையின் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வண்டியைக் கூப்பிடுங்கள். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லையின் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல், எந்த மருத்துவமனை பக்கமோ அங்கே போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேள் தேடி வந்து கொட்டுவதில்லை. விரல் மேலே அழுந்தினாலோ, செருப்புக்குள் கால் நசுக்கினாலோதான் கொட்டும். ஆந்திரத்தில் கர்னூல் பக்கம் கோடுமூரில் சிராவண மாதத்தில் மலைக்குப் போய்க் கல்லைப் புரட்டித் தேளைக் கையில் எடுத்துச் சாமிக்குப் படைக்கிற வழக்கம் இருக்கிறது. பழகிய கை, பதற்றம் இல்லாத பிடி. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் குழந்தைகள் முன்னால் யாரும் முயல வேண்டாம்.

ஓட்டடுக்கை மறுபடி பார்த்தபோது

சிறுமி வீடு திரும்பிய அடுத்த வாரம், ஆயா கூப்பிட்டதால் அந்த ஊருக்குப் போனேன். மாமாவின் மகன் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறான். கள்ள ரூபாய் நோட்டு பார்க்கிற சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அந்த வெளிச்சம் பட்டால் தேளின் மேலோடு பச்சை கலந்த நீலத்தில் ஒளிரும். இருட்டினதும் பின்பக்கம் போனோம். தரையில் கிடந்த நூல் துணுக்குகள் கூட ஒளிர்ந்தன. சலவைத் தூள் பட்ட துணிக்கும் அது உண்டு. ஆனால் தேள் அப்படி இல்லை, தனியாகத் தெரிகிறது. ஓட்டு இடுக்கில் ஒன்று, தறி ஷெட்டின் செங்கல் வெடிப்பில் ஒன்று, இரண்டும் அசையாமல். அடுக்கின் அடிவரிசையில் மூன்றாவது. அதன் முதுகில் வெளிறிய குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக மொய்த்திருந்தன. தேள் முட்டையிடாது, குட்டி போடும்; முதல் தோலை உரிக்கிற வரை தாய் முதுகைவிட்டு இறங்காது. ஆயா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓட்டை எல்லாம் நாளைக்கே எடுத்துவிடச் சொன்னார்.

மறுநாள் பகலில், தடித்த கையுறையும் இடுக்கியும் வைத்துக்கொண்டு மாமா ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரை விட்டுத் தள்ளி ஒரு சிமெண்ட் மேடையில் அடுக்கினார். செங்கல் வெடிப்பைப் பூசினார்கள். வாசலுக்கு வெளியே கழற்றி வைக்கிற செருப்பை உதறிப் போடுகிற பழக்கத்துக்கு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை என்று தெரிந்தது, சொல்லிவிட்டு வந்தேன்.

பார்வை பார்க்கிற பெரியவரையும் சந்தித்தேன். குழந்தை எங்கள் வார்டில் இருந்த இரண்டு இரவும் அவர் சரியாகத் தூங்கவில்லையாம். "எங்கிட்ட வர்றப்ப நல்லாத்தாம்மா அழுதுச்சு, எறங்கிடுச்சுன்னுதான் அனுப்புனேன்" என்றார். வியர்வையும் சில்லிப்பும் பற்றி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். என் கையைத் தொட்டுப் பார்த்தார், தன் கையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேப்பிலை போடுவதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. வேப்பிலையை எடுக்கிறதுக்கு முன்னால் ஆட்டோவுக்கு ஆள் அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டேன். சரி என்றார். அதன்பின் அவர் பெயரைச் சொல்லி ஒரு இளைஞன் வந்தான், செங்கல் தூக்கும்போது கட்டை விரலில் கொட்டியதாம். கை சூடாக இருந்தது, வலிதான் பயங்கரம். ஊசி போட்டு ஒரு இரவு வைத்துப் பார்த்து அனுப்பினோம்.

சிறுமியை இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைத்து வந்தார்கள். இசிஜி சரியாக இருந்தது, அழுத்தம் வயதுக்கு ஏற்றபடி. விரல் நுனியில் லேசாக மரத்துப்போன உணர்வு மட்டும் மிச்சம். இதயத்துக்குப் பின்னால் ஏதாவது வருமா என்று அம்மா கேட்டார். இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு இதயத் தசை பழைய நிலைக்கு வந்துவிடும், ஓடலாம் ஆடலாம் என்றார் மருத்துவர். பிரசோசின் 1 மில்லிகிராம் சாதா மாத்திரையை எங்கள் அவசரப் பிரிவில் பாம்புக்கடி மருந்துக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருக்கிறோம். பணி மாறும்போது எண்ணி ஒப்படைக்கிற பட்டியலிலும் அதைச் சேர்த்தாயிற்று.